வரோதயநகரிலிருந்து கைதடி வரை: வடக்கின் முதலாவது முதலமைச்சர் ஆற்றிய சேவை பற்றிய ஒரு மதிப்பாய்வு

2013 ஒக்டோபர் 25ஆம் திகதி வடமாகாண சபை யாழ்ப்பாண மாவட்டத்தின் கைதடியில் முதன்முறையாகக் கூடியது. அன்று நான் திருகோணமலையில், மாகாண அலுவலகம் ஒன்றில், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்த ஓர் இலிகிதராகக் கோப்புகளுக்கு நடுவே அமர்ந்திருந்தேன். வடக்கின் சபையைப் பற்றி எழுதத் திருகோணமலைக்காரனுக்கு என்ன உரிமை என்று இளையவர்கள் கேட்கக்கூடும். 1988இல் இணைக்கப்பட்ட வடக்கு-கிழக்கு மாகாணத்தின் தலைமையிடம் எங்கள் ஊர்தான். அந்த ஆண்டு டிசெம்பரில் வரதராஜப்பெருமாள் முதலமைச்சராகப் பதவியேற்ற சபை இங்கேதான் இயங்கியது. 1990 மார்ச்சில் அவரும் அவரது சகாக்களும் நாட்டைவிட்டு வெளியேறியதோடு அது செயலிழந்தது. அதன் பிறகு ஆளுநரும் செயலாளர்களும் நாங்களுமாகவே நிருவாகத்தை நடத்திவந்தோம். 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாதென்று தீர்ப்பளித்து, 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல் இரு மாகாணங்களும் தனித்தனியே இயங்கத் தொடங்கிய பின்பும், வடக்கின் செயலகம் எங்கள் ஊரில் கன்னியாப் பக்கமுள்ள வரோதயநகரிலேயே சில காலம் இருந்தது. வவுனியாவில் படிப்பிக்கும் ஆசிரியரும் மன்னாரில் வேலைசெய்யும் மருத்துவமாதுவும் தமது இடமாற்றத்துக்கும் சம்பள நிலுவைக்கும் பேருந்தேறித் திருகோணமலைக்கு வந்து நின்ற காலம் அது. அந்தக் கோப்புகள் கட்டுக்கட்டாக வடக்கே போனபோது ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே, அந்தக் கோப்புகளைப் பொறுப்பேற்று நடத்த மக்களால் தெரிவுசெய்யப்பட்ட முதல் மனிதரான முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் அவர்களின் ஐந்தாண்டுச் சேவையை, அந்த இயந்திரத்தின் உள்ளே வேலைசெய்த ஒருவனாகவும், முல்லைத்தீவில் வாழும் உறவினர் வழியாக அந்தச் சேவையை நாடிச் சென்ற ஒருவனாகவும் மதிப்பிட விரும்புகிறேன். ஐந்துக்கு மூன்று என்பது எனது புள்ளி. பேச்சுக்கும் நேர்மைக்கும் கொடுத்ததைச் சட்டமியற்றும் வேலையிலும் தன் அமைச்சர்களை நடத்திய முறையிலும் குறைத்திருக்கிறேன். ஆனால் குறைத்த இரண்டு புள்ளிகளையும் அவர் கணக்கிலேயே எழுதுவது நீதியாகாது. அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவர் அரசியலில் வளர்ந்தவர் அல்லர். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1939 ஒக்டோபர் 23ஆம் திகதி கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியில் படித்து, வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1979இல் நீதிச் சேவையில் சேர்ந்தவர். முதலில் மட்டக்களப்பிலும் பின்னர் சாவகச்சேரியிலும் மல்லாகத்திலும் நீதவானாக இருந்தார். மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி, 2001இல் உயர் நீதிமன்ற நீதியரசரானார். 2004 ஒக்டோபரில் 65 வயதில் ஓய்வுபெற்றார். உயர் நீதிமன்றத்தில் அவரை வரவேற்ற வைபவத்திலேயே தமிழ் மக்களின் மனக்குறையை வெளிப்படையாகப் பேசியவர் என்பதால், ஓய்வுக்குப் பிறகும் தமிழர்கள் அவர் பெயரை மறக்கவில்லை. 2013 யூலையில், தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, கட்சிக்காக நெடுங்காலம் உழைத்தவர்கள் இருக்க, 73 வயதான இந்த ஓய்வுபெற்ற நீதியரசரை முதலமைச்சர் வேட்பாளராக அறிவித்தது. அப்போது திருகோணமலையில் எங்கள் அலுவலகத் தேநீர் வேளைகளில் நாங்கள் பேசிக்கொண்டதை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறேன். கோப்பை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடக்கூடிய ஒருவர் வருகிறார் என்று மூத்த உத்தியோகத்தர் ஒருவர் மகிழ்ந்தார். கட்சிக்காரர்களைச் சமாளிக்க அந்தப் படிப்புப் போதாது என்றார் இன்னொருவர். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது.

2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் கூட்டமைப்பு ஏறத்தாழ 78 சதவீத வாக்குகளைப் பெற்று, 38 ஆசனங்களில் 30ஐக் கைப்பற்றியது. அப்போது நாட்டை ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 7, முஸ்லிம் காங்கிரசுக்கு 1. விக்னேஸ்வரன் மட்டும் 132,255 விருப்பு வாக்குகளைப் பெற்றார். போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த, ஊருக்கு ஊர் சோதனையும் விசாரணையும் ஓயாத ஒரு மாகாணத்தில் மக்கள் வரிசையில் நின்று அளித்த வாக்குகள் அவை. முதலிடம் பெற்ற அணிக்குக் கிடைக்கும் மேலதிக ஆசனங்கள் இரண்டில் ஒன்றை முஸ்லிம் பிரதிநிதி ஒருவருக்குக் கொடுத்ததும், மற்றதை ஆண்டுக்கு ஒருவர் என்று சுழற்சி முறையில் பகிர முடிவுசெய்ததும் எனக்குப் பிடித்த காரியங்கள். மூவினமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் வாழ்பவன் என்பதால், முதலாவதன் பெறுமதியை நான் நன்றாக அறிவேன்.

தேர்தல் முடிந்து ஐந்தாவது நாள், செப்டெம்பர் 26ஆம் திகதி, உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒரு தீர்ப்பை வழங்கியது. நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணி ஒன்றைப் பற்றிய சோலைமுத்து வழக்கு அது. அரச காணி குடியரசுக்கே உரியது, மாகாண சபைக்கு அதன் மீதுள்ள அதிகாரம் மிகக் குறுகியது என்று அந்தத் தீர்ப்பு பொருள்கோடல் செய்தது. வடக்கிலும் கிழக்கிலும் மக்களுடைய முதல் முறைப்பாடே காணி பற்றியதாக இருந்த வேளையில், புதிய முதலமைச்சர் பதவியேற்பதற்கு முன்னரே அவருடைய மேசையிலிருந்து மிகப் பெரிய கோப்பு எடுக்கப்பட்டுவிட்டது. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தத்தில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு இன்று வரை அமைக்கப்படவில்லை. பொலிஸ் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை. நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. அவர் அதை நேரடியாகவோ, முதலமைச்சர், நான்கு அமைச்சர்கள் வழியாகவோ, தமக்குக் கீழுள்ள அதிகாரிகள் வழியாகவோ செலுத்தலாம். நிதி தொடர்பான நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டம், எதையும் ஆளுநரின் விதந்துரை இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. எந்த நியதிச்சட்டத்தையும் ஆளுநர் திருப்பி அனுப்பலாம், ஜனாதிபதிக்கு அனுப்பி உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோகவும் வைக்கலாம். இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எங்கள் மாகாணத்தில் ஒரு சிற்றூழியர் நியமனத்துக்கான கோப்பு, சபைக் கட்டடத்துக்கும் ஆளுநர் செயலகம் உள்ள உவர்மலைக்கும் இடையில் எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று எண்ணிப் பார்த்தவன் நான்.

வடக்கில் இது இன்னும் கடுமையாக இருந்தது. சபை தொடங்கியபோது அங்கே ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ.ஏ. சந்திரசிறி. இராணுவத்தின் நிழலிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதற்காகவே வாக்களித்த மக்களின் சபைக்கு மேலே ஓர் இராணுவத் தளபதியை இருத்தியது அந்த வாக்குக்குச் செய்த அவமதிப்பு என்பதே என் கருத்து. அவரை மாற்றும்படி சபை கேட்டது. ஆட்சி மாறிய பின்னர் 2015 ஜனவரியில் ஓய்வுபெற்ற இராஜதந்திரி எச்.எம்.ஜி.எஸ். பாலிஹக்கார நியமிக்கப்படும் வரை, முதலமைச்சரின் காலத்தில் கால்வாசி இந்த இழுபறியிலேயே கழிந்தது. மாகாண நிருவாகத்தின் தலைமை அதிகாரியான பிரதம செயலாளர் யாருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற பிணக்கு நீதிமன்றம் வரை போனது. புலம்பெயர்ந்தவர்களின் உதவியை முறையாகப் பெறுவதற்கு முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க அனுமதி கேட்டு, அது கிடைக்கவில்லை என்று பதவிக்காலம் முழுவதும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனி, சேவையை நாடிச் சென்றவர்களின் கதைக்கு வருகிறேன். என் மனைவியின் தமக்கை முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். போருக்கு முன் அவருடைய கணவர் அனுமதிப்பத்திரத்தோடு வயல் செய்த இரண்டு ஏக்கர் காணி, அவர்கள் மீளக்குடியேறிச் சென்றபோது, திணைக்களம் ஒன்று நட்ட எல்லைக்கற்களுக்கு உள்ளே கிடந்தது. மச்சான் இறந்துவிட்டார்; அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது; எஞ்சியிருந்தது மடிப்புகளில் கிழிந்த ஒரு நிழற்படப் பிரதி மட்டுமே. 2014இல் மச்சாளுக்குத் துணையாக நான் புறப்பட்டேன். கொக்கிளாய் முகத்துவாரத்துக்குக் குறுக்கே பாலம் இல்லாததால், வரைபடத்தில் புல்மோட்டைக்கு அடுத்ததாகத் தெரியும் ஊர்களுக்கும் நாங்கள் சுற்றித்தான் போக வேண்டும். யாழ்ப்பாணம் போவதென்றால் ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று ஏறத்தாழ 235 கிலோமீற்றர்.

நாங்கள் சந்தித்தது முதலமைச்சரை அல்ல. அவருடைய சபையின் உறுப்பினர் ஒருவரை. அவர் பெயர் இங்கே தேவையில்லை. காலை ஒன்பது மணிக்குப் போனோம். எங்களுக்கு முன்னே ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தார்கள். காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்திருந்த தாய், மாற்றுத்திறனாளியான தங்கைக்கு வேலை கேட்டு வந்த இளைஞன், கிணறு கேட்டு வந்த ஊர்ச் சங்கத்தார் என்று எல்லோருக்கும் கதிரை கொடுத்திருந்தார்கள், தண்ணீர் வைத்திருந்தார்கள். அரச அலுவலகங்களின் வாசலில் நாள்முழுவதும் நின்று பழகிய மச்சாளுக்கு அந்தக் கதிரையே பெரிய காரியமாக இருந்தது. எங்கள் முறை வந்ததும் உறுப்பினர் கிழிந்த பிரதியைக் கையில் வாங்கி, வரி வரியாக வாசித்து, காணியின் நான்கு எல்லைகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று மாலையே மாகாண சபையின் கடிதத் தலைப்பில், பிழையில்லாத தமிழில் எழுதிய ஒரு கடிதம் எங்கள் கையில் இருந்தது.

அந்தக் கடிதத்துக்கு உரிய இடத்திலிருந்து பதில் வர ஏழு மாதங்கள் ஆயின. வந்த பதில் இரண்டு வரி. குறித்த காணி மத்திய அரசின் கீழ் வருவதால் மாகாண சபையின் பரிந்துரையை ஏற்று நடவடிக்கை எடுப்பதற்கு இடமில்லை என்று அது சொன்னது. “தம்பி, இப்படி ஆறுதலாக இருந்து எங்கட கதையைக் கேட்டவர் இவருக்கு முதல் ஒருத்தரும் இல்லை, ஆனால் காணி வரேல்லை” என்றார் மச்சாள். ஐந்தாண்டுச் சேவையின் அளவை நான் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே எடுக்கிறேன். கேட்கும் செவி கிடைத்தது. அதற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகளாக வடக்கில் மாகாண மட்டத்தில் அப்படிக் கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இருக்கவில்லை என்பதை நினைத்தால் அது சிறிய விடயம் அன்று. ஆனால் கேட்ட செவிக்குப் பின்னால் ஒரு கை இருக்கவில்லை.

அந்தக் கை ஓரளவேனும் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வியில்தான் முதலமைச்சரோடு எனக்கு முரண்பாடு உண்டு. சட்டசபை உறுப்பினர் ஒருவரின் முதல் வேலை சட்டம் செய்வது. மாகாண சபையில் அதற்கு நியதிச்சட்டம் என்று பெயர். உள்ளூராட்சி, ஆரம்ப சுகாதாரம், பாடசாலை, கூட்டுறவு, மாகாண வீதி, முன்பள்ளி, சமூக சேவை என்று மாகாணப் பட்டியலில் உள்ள விடயங்களில் நியதிச்சட்டம் இல்லாவிட்டால், அமைச்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய உத்தரவு அவர் கதிரையில் இருக்கும் வரைதான் நிற்கும். அடுத்த ஆளுநர் அதை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிடலாம். நான் வேலை செய்த காலத்தில் இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். வடமாகாண சபை ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது; நியதிச்சட்டங்களோ மிகச் சில. தீர்மானம் என்பது சபையின் விருப்பத்தைச் சொல்லும் தாள். அது கொழும்புக்குப் போகும், பத்திரிகையில் வரும், ஒரு கோப்பில் அடங்கும். எந்த உத்தியோகத்தரையும் கட்டுப்படுத்தாது. உறுப்பினர்கள் பிரேரணை மேல் பிரேரணையாகக் கொண்டுவந்தபோது, சபை அமர்வுகளின் பெரும்பகுதி அவற்றிலேயே கரைந்தது. வாழ்நாள் முழுவதும் சட்டத்தின் சொல்லை எடைபோட்ட ஒருவர் தலைமை தாங்கிய சபை, எழுதக்கூடிய சட்டங்களையாவது எழுதி முடித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பியிருந்தால் அது அவர் பொறுப்பாகி, பதிவில் நின்றிருக்கும்.

சட்ட வரைஞர்கள் போதாது, தமிழில் வரைந்ததை மூன்று மொழியிலும் கொடுக்க ஆளில்லை, கொழும்பின் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து கருத்து வர மாதங்கள் ஆகின்றன என்ற நடைமுறைச் சிக்கல்களை நான் மறுக்கவில்லை. கிழக்கில் எங்களுக்கும் அதே சிக்கல்கள் இருந்தன. ஆனால் 2008ஆம் ஆண்டிலிருந்து சபையைக் கண்ட கிழக்கின் அனுபவத்தை, அயலில் இருந்த திருகோணமலையிடம் வடக்கு இன்னும் அதிகமாகக் கேட்டு வாங்கியிருக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் ஒரே செயலகத்தின் பிள்ளைகள்தானே.

மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது தீர்மானங்களில் ஒன்றுக்காகவே. 2015 பெப்ரவரி 10ஆம் திகதி, தமிழ் மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்றும் அதைச் சர்வதேச மட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்றும் கோரும் தீர்மானத்தை அவரே சமர்ப்பித்தார். சபை ஏகமனதாக நிறைவேற்றியது. தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை என்று இப்போதுதான் எழுதினேன். இந்த ஒன்றில் நான் வேறு அளவுகோலைப் பிடிக்கிறேன். ஏனெனில் இது ஓர் உத்தியோகத்தரை வேலைவாங்க எழுதப்பட்ட தாள் அன்று. 1948ஆம் ஆண்டிலிருந்து நடந்தவற்றை ஒரு நீதியரசரின் முறையில் அடுக்கி, தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்றின் பதிவேட்டில் நிரந்தரமாக ஏற்றிய ஓர் ஆவணம். ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு ஒரு மாதமே ஆன நிலையில் இது நல்லிணக்கத்துக்கு இடையூறு என்று கொழும்பிலும் கூட்டமைப்புக்குள்ளும் சொன்னார்கள். எங்கள் ஊரில் 2006 ஜனவரியில் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் பெற்றோர் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படி ஏறிக் களைத்துப்போனதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில், அந்த விமர்சனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்ல வேண்டியதை, சொல்லக்கூடிய இடத்தில், சொல்லக்கூடிய தமிழில் சொன்னார். அதற்கு முழுப் புள்ளி.

அவருடைய எழுத்தையும் இங்கே பாராட்டுவேன். பத்திரிகைகளுக்குக் கேள்வி-பதிலாக அவர் எழுதி அனுப்பியவை, அரசியல்வாதியின் அறிக்கை போல் இல்லாமல், ஒரு மூத்தவர் ஆறுதலாக இருந்து விளக்குவது போல் இருக்கும். கேட்ட கேள்வியை முதலில் ஒத்துக்கொள்வார், பிறகு சட்டத்தைச் சொல்வார், கடைசியில்தான் தன் கருத்துக்கு வருவார். அவரோடு முற்றாக முரண்படுபவர்கூட அவர் என்ன சொல்கிறார் என்பதில் சந்தேகம் கொள்ள முடியாது.

2013 நவம்பரில் பிரித்தானியப் பிரதமர் கமரோனும், 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடியும் யாழ்ப்பாணம் வந்து அவரைச் சந்தித்தார்கள். படங்கள் நன்றாக இருந்தன. கரையோர மக்களின் வயல் வரம்பில் அவற்றால் எந்த மாற்றமும் வரவில்லை என்பதால் அவற்றை விட்டுச் செல்கிறேன். 65,000 உலோகப் பொருத்து வீடுகளை வடக்கு-கிழக்கில் நிறுவ மத்திய அரசு முனைந்தபோது, இந்த வெயிலுக்கும் இந்த வாழ்முறைக்கும் அவை பொருந்தா, கல்வீடே வேண்டும் என்று எதிர்த்து நின்றது மட்டும் குறிப்பிட வேண்டியது. எங்கள் மாவட்டத்திலும் தகரக் கொட்டிலில் பங்குனி வெயிலைக் கழித்த மீளக்குடியேறிய குடும்பங்கள் அந்த எதிர்ப்பின் நியாயத்தை உடனே புரிந்துகொண்டன.

கட்சிகளும் பொது அமைப்புகளும் சேர்ந்து 2015 டிசெம்பரில் உருவாக்கிய தமிழ் மக்கள் பேரவையின் இணைத் தலைமையை அவர் ஏற்றதும், 2016 செப்டெம்பர் 24ஆம் திகதி யாழ்ப்பாணத்திலும் 2017 பெப்ரவரி 10ஆம் திகதி மட்டக்களப்பிலும் ‘எழுக தமிழ்’ பேரணிகளில் முன்நின்றதும் அவரைத் தெரிவுசெய்த கூட்டமைப்போடு இருந்த விரிசலைப் பிளவாக்கின. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை. ஆனால் முப்பது ஆசனங்களைப் பெற்ற ஓர் அணி உள்ளுக்குள்ளே இரண்டுபட்டதன் விலையைச் சேவை பெறுபவர்கள் கொடுத்தார்கள். வவுனியாவில் பொருளாதார மையத்தை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று 2016இல் நடந்த பிணக்கில், மரக்கறி விற்க இடம் கேட்ட விவசாயியின் குரல் எங்கே போனது என்று நான் அப்போதே வருந்தினேன்.

எல்லாவற்றிலும் பெரிய சறுக்கல் 2017இல் வந்தது. தன் அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட குழுவை அவர் நியமித்தார். இலங்கையில் எந்த முதலமைச்சரும் தன் அமைச்சர்களை இப்படி விசாரணைக்கு உட்படுத்தத் துணிந்ததாக நான் அறியேன். அந்தத் துணிவை வணங்குகிறேன். குழுவின் அறிக்கை இருவர் மீது குறை கண்டது. 2017 ஜூன் 14ஆம் திகதி அவர் அந்த இருவரையும் பதவி விலகும்படி சபையில் கேட்டுக்கொண்டதோடு, குற்றம் நிரூபிக்கப்படாத மற்ற இருவரையும் விடுப்பில் போகச் சொன்னார். அன்றிரவே அவருடைய கட்சியினரே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் மக்கள் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். சமயத் தலைவர்கள் நடுவே நின்று பேசியதும் பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. குறை காணப்பட்டவர்களை விலகச் சொன்னதோடு நின்றிருந்தால் அவர் கை ஓங்கியிருக்கும். நிரூபிக்கப்படாதவர்களையும் அதே மூச்சில் தொட்டது, இயற்கை நீதியை வாழ்நாளெல்லாம் காத்த ஒருவர் செய்யக்கூடாத அவசரம்.

அதைவிட எனக்கு வலித்தது அடுத்து நடந்தது. போக்குவரத்து, கடற்றொழில் அமைச்சராக இருந்த டெனீஸ்வரனை அதே ஆண்டில் அவர் நீக்கினார். டெனீஸ்வரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். அமைச்சரை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிப்பவரும் நீக்குபவரும் ஆளுநர். முதலமைச்சர் நேரடியாக நீக்க முடியாது என்பதே வாதம். 2018 ஜூனில் நீதிமன்றம் நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகு வடக்கில் அமைச்சர்கள் நால்வரா ஐவரா, அமைச்சர் வாரியம் சட்டப்படி கூடலாமா கூடாதா என்ற குழப்பத்திலேயே சபையின் கடைசி மாதங்கள் கழிந்தன. அமைச்சர் வாரியம் கூடாத மாதம் என்றால் என்ன என்பதை வெளியில் இருப்பவர்கள் உணர்வது கடினம். அனுமதி பெற வேண்டிய நியமனங்கள் நிற்கும்; வருட முடிவுக்குள் செலவழிக்க வேண்டிய குறித்தொதுக்கப்பட்ட நன்கொடைப் பணத்தின் திட்டங்கள் நிற்கும்; தொண்டர் ஆசிரியர்கள் இன்னும் ஒரு தவணை சம்பளமில்லாமல் படிப்பிப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் அமர்ந்து அரசியலமைப்புக்குப் பொருள் சொன்ன ஒருவர் அரசியலமைப்பின் ஒரு வாசகத்திலேயே தடுக்கி விழுந்ததை, அவரை மதிக்கிறவன் என்ற முறையில், மிகுந்த துயரத்தோடு எழுதுகிறேன். அவர் சரியென்று கண்டதை உடனே செய்ய நினைத்தார். ஆனால் மாகாண சபை, நீதியரசரின் கட்டளையை எல்லோரும் எழுந்து நின்று ஏற்கும் நீதிமன்றம் அன்று. அங்கே முப்பது பேரையும் பேசி இணங்க வைத்தே ஓரடி நகர முடியும்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி சபையின் காலம் முடிந்தது. அன்றே அவர் தமிழ் மக்கள் கூட்டணி என்ற புதிய கட்சியைத் தொடங்குவதாக அறிவித்தார். 2020 ஓகஸ்ட் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். முதல் அமர்விலேயே இந்தத் தீவின் தொல்குடிகளின் மொழி தமிழ் என்று பேசிச் சபையில் புயலைக் கிளப்பினார். அந்தப் பேச்சு பதிவேட்டிலிருந்து அகற்றப்பட வேண்டும் என்று எழுந்த கூச்சலுக்கு நடுவே, எண்பது வயதில் அவர் குரல் நடுங்காமல் நின்றதைப் பார்த்தேன். பேச்சில் அவர் கடைசி வரை முதல்தரமானவர்.

சபையின் காலம் முடிந்ததிலிருந்து வடக்கில் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. எங்கள் கிழக்குச் சபை அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2017 செப்டெம்பரிலேயே காலாவதியானது. தேர்தல் முறையை மாற்றுவதற்காக அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டத் திருத்தமும், அதன்படி தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே 2018இல் நிராகரித்ததும் சேர்ந்து, பழைய முறையிலும் புதிய முறையிலும் தேர்தல் வைக்க முடியாத நிலையை உண்டாக்கிவிட்டன. 1990இலிருந்து நாங்கள் பார்த்த அதே ஆளுநர் நிருவாகம் இப்போது ஒன்பது மாகாணங்களுக்கும் வந்திருக்கிறது. விக்னேஸ்வரனின் சேவையில் குறைகண்டு எழுதிய இந்தப் பக்கங்களை, அப்படிப்பட்ட சபையே வேண்டாம் என்பதற்கு யாரும் சான்றாக எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குறையுள்ள சபையில் மச்சாளுக்கு ஒரு கதிரை இருந்தது. சபையே இல்லாத காலத்தில் அவர் போய் நிற்பதற்கு வாசல்கூட இல்லை.

அவருடைய காணிக் கோப்பு இப்போது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கிழிந்த பிரதி, உறுப்பினர் எழுதிய கடிதம், இரண்டு வரிப் பதில் மூன்றையும் பிளாஸ்ரிக் உறையில் இட்டு வைத்திருக்கிறேன். வடக்கில் மறுபடி ஒரு சபை தெரிவாகும் நாளில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மச்சாள் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த முறையும் நான் துணைக்குப் போவேன். கடிதத்தைக் கேட்பதற்கு முன்னர், மாகாணத்துக்கு எஞ்சியுள்ள அதிகாரத்தில் எந்த நியதிச்சட்டத்தை முதல் ஆறு மாதத்துக்குள் வரையப்போகிறீர்கள் என்று அந்த உறுப்பினரிடம் கேட்பேன்.